மருந்துக்கடைத் தொழிலாளி லியோன் டேவிஸ்

சிராங்கூன் ரோட்டுக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து அன்பர்கள், தேக்கா சந்தையைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது தைலமோ மாத்திரையோ வாங்க ஒரு மருந்துக்கடைக்குள் நுழையாமல் போவது அபூர்வம். அங்கே கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். சீட்டை வாங்கிப் படிப்பார், மாத்திரையை எண்ணுவார், உறையில் எழுதிக் கொடுப்பார். அவரைப் பார்த்தால் நம்மையறியாமலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. படித்தவர், கை அழுக்காகாத வேலை, நல்ல சம்பளம் வாங்குவார், இவருக்கெல்லாம் தொழிற்சங்கம் எதுக்கு என்றுதான் தோணும். பெரிய மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்பவர்களைப் பார்த்தாலும் இதே எண்ணம்தான்.

சட்டம் போடுகிறவர்களும் ரொம்ப நாள் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் நிர்வாக, நிபுணத்துவப் பதவிகளில் இருப்பவர்களுக்காகவும் சாதாரணத் தொழிலாளர் சங்கங்களே மொத்தமாக முன்னின்று முதலாளியிடம் பேசலாம் என்று சட்டம் வழிவிட்டது 2015-ல்தான். அதுவரை அப்படிப்பட்டவர்களில் பலர் தனியாளாகத்தான் நின்றார்கள்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவனுக்கும் சங்கம் வேணும், அதுமட்டுமல்ல, அவனும் தரை கூட்டுகிறவனும் ஒரே சங்கத்தில்தான் இருக்கணும் என்று 1932-லேயே சொல்லி, அதற்காக ஆயுள் முழுக்க உழைத்த ஒரு மனிதர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் லியோன் டேவிஸ். அவருடைய சரித்திரத்தை நம் ஜனங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். 

டேவிஸ் அமெரிக்காவில் பிறந்தவரல்ல. ரஷ்யப் பேரரசுக்குள் அப்போது இருந்த பின்ஸ்க் என்ற ஊர்ப்பக்கம் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பெலாருஸ் நாட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே யூதர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. கலகம் வந்தால் முதலில் எரிவது அவர்கள் வீடுதான். நாகப்பட்டினத்திலே கப்பல் ஏறி நம் பாட்டன்மார் வந்தார்களே, அதேபோல அவர்களும் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறினார்கள். 1921-ல் சிறுவனாக டேவிஸ் அமெரிக்கா வந்து சேர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டில் கொஞ்ச காலம். பிறகு மருந்தாளர் படிப்புப் படிக்க நியூயார்க்குக்கு வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்து மருந்தியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு முடியவில்லை. மருந்துக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டார்.

அமெரிக்க மருந்துக்கடை நம்ம ஊர்க் கடை மாதிரி இல்லை. மருந்தும் விற்கும், சோடாவும் விற்கும், சுருட்டும் பத்திரிகையும் ஐஸ்கிரீமும் விற்கும். காலையில் திறந்தால் நடுச்சாமம் வரை விளக்கு எரியும். மருந்து கலப்பவர் ஒருவர், சோடா ஊற்றுகிறவர் ஒருவர், சரக்கு அடுக்குகிறவர் ஒருவர், தரை துடைத்துப் பெட்டி தூக்கும் எடுபிடி ஒருவர். மருந்து கலப்பவர் பட்டம் பெற்றவர்தான். ஆனால் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டும். வேறு வாடிக்கை இல்லாத நேரத்தில் கூட்டிப் பெருக்கவும் சொல்வார்கள். 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து உலகமே மந்தத்தில் விழுந்ததே, அப்போது இங்கே ரப்பர் விலையும் படுத்துவிட்டது. நம் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷங்களில் நியூயார்க்கில் பட்டம் வாங்கிய மருந்தாளர்கள் கிடைத்த சம்பளத்துக்குத் தலையாட்டினார்கள். வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவது?

1932-ல் டேவிஸும் சில கூட்டாளிகளும் சேர்ந்து மருந்துக்கடை ஊழியர் சங்கத்தைக் கட்டினார்கள். பிற்பாடு பெரிய சம்மேளனத்தோடு இணைந்தபோது அதற்குக் கிடைத்த கிளை எண் 1199. அந்த நம்பரே சங்கத்தின் பெயராகிவிட்டது. ஜனங்கள் பதினொன்று தொண்ணூற்றொன்பது என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்கவேண்டும். மருந்தாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டிருக்கலாம். படித்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு இல்லாமலில்லை. டேவிஸ் அதை ஒப்பவில்லை. கடையில் இருக்கிற எல்லாரும் ஒரே சங்கம், எடுபிடி உட்பட, என்று பிடிவாதமாக நின்றார். இதில் தர்ம சிந்தனை மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. மருந்தாளர் மட்டும் வேலையை நிறுத்தினால் கடை சோடா விற்றுக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். எல்லாரும் வெளியே வந்தால்தான் கதவு மூடும்.

நம் தோட்டங்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர் டிரஸர். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்குக் கசப்புத் தண்ணி, புண்ணுக்கு ஊதா மருந்து, எல்லாம் அவர் கையால்தான். அவரும் கிராணியும் உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கு ஒரு சங்கம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு 1954-ல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். இரண்டு சங்கமும் தங்கள் ஆட்களுக்கு உழைத்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் டிரஸரும் பால்வெட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சங்கக் கூட்டம் நடத்துவதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

1936-லும் 1937-லும் 1199 சங்கம் ஹார்லெமில் இறங்கியது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நெருக்கமாக வாழும் பகுதி அது. அங்கே மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கறுப்பர்கள். காசு கொடுப்பவர்கள் கறுப்பர்கள். பெட்டி தூக்குகிறவனும் கறுப்பன். மருந்து கலப்பவர் மட்டும் வெள்ளைக்காரர். பட்டம் பெற்ற கறுப்பு மருந்தாளர்களைக் கடைக்காரர்கள் வேலைக்கு எடுப்பதே இல்லை. இதை மாற்றவேண்டும் என்று சங்கம் போராடிக் கறுப்பு மருந்தாளர்களை உள்ளே கொண்டுவந்தது. எடுபிடியாக இருந்தவர்கள் சோடா ஊற்றும் வேலைக்கு உயரவும் வழி செய்தது. சங்கத்து உறுப்பினர்கள் பெரும்பாலும் யூதர்கள். வேலையே கிடைக்காத காலத்தில் இன்னொரு இனத்தானுக்கு இடம் கேட்டுப் போராடச் சொன்னால் நம் சங்கக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நாற்காலி பறந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை ஆரம்பமானது. டேவிஸ் இடதுசாரி என்பது ஊரறிந்த விஷயம். 1948-ல் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குடைந்தது. பல சங்கங்கள் அந்த வருஷங்களில் உடைந்து நாசமாயின. 1199 பிழைத்தது. சின்னச் சங்கம்தானே என்று பெரிய தலைகள் விட்டுவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1950-களின் நடுவில் நிலவரம் இது. சங்கத்தில் சில ஆயிரம் பேர். நியூயார்க் மருந்துக்கடைகளில் பெரும்பகுதி சங்கத்தின் கைக்குள். மருந்தாளர்களுக்கு நல்ல சம்பளம், வேலை நேரம் குறைந்தாகிவிட்டது, சுகாதார நிதி, ஓய்வூதியம் எல்லாம் இருந்தது. டேவிஸ் அத்தோடு கால் நீட்டி உட்கார்ந்திருக்கலாம். சங்கத் தலைவர்களில் அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் எலியட் கோடாஃப் என்பவர் வந்து சேர்ந்தார். இவரும் ரஷ்யாவில் பிறந்த யூதர், இவரும் மருந்தாளர். ஆனால் கடையில் அல்ல, புரூக்ளினில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக வேலை பார்த்தவர். 1930-களிலேயே அந்த மருத்துவமனையில் சங்கம் கட்டப் பாடுபட்டவர். உள்ளே சமையல்கட்டிலும் சலவைக்கூடத்திலும் நடப்பது அவருக்குத் தெரியும். 1957-ல் அவர் 1199-ல் சேர்ந்தபோது டேவிஸுக்குப் புதிய கதவு ஒன்று திறந்தது.

மருத்துவமனைகளின் நிலை என்ன? நியூயார்க்கில் பெரிய மருத்துவமனைகள் பலவும் தர்ம ஸ்தாபனங்கள். பணக்காரர்கள் நன்கொடை கொடுத்துக் கட்டியவை. லாபத்துக்கு நடப்பதில்லை என்ற பெயரால் தொழிலாளர் சட்டம் அவற்றைத் தொடவில்லை. 1935-ல் அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தது. 1947-ல் அதைத் திருத்தியபோது லாப நோக்கமற்ற மருத்துவமனைகளை வெளியே எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் கிடையாது. வேலையில்லாதோர் உதவிப் பணமும் கிடையாது. சமையல், சலவை, துப்புரவு, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது, இந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும், அதிலும் அநேகம் பெண்கள். வாரச் சம்பளம் 32 டாலர், 34 டாலர், 36 டாலர். முழுநேர வேலை பார்த்தும் குடும்பம் நடத்த முடியாமல் அரசாங்கத்திடம் ஏழை உதவிப் பணம் வாங்கியவர்கள் உண்டு. தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கிடைத்த தர்மத்தின் பாரத்தை இந்தத் தொழிலாளிகள்தான் சுமந்தார்கள்.

கேட்டால் என்ன பதில்? இது சேவை, வியாபாரமல்ல, நோயாளியின் உயிரோடு விளையாடலாமா, நாங்களே உங்களைப் பார்த்துக்கொள்கிறோம். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. தொரை தகப்பன் மாதிரி, லயம் கொடுத்திருக்கார், ஆஸ்பத்திரி கொடுத்திருக்கார், கோயில் கட்டக் காசு கொடுத்திருக்கார், சங்கம் எதுக்கு என்று நம் பெரியவர்களிடம் சொல்லவில்லையா?

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த மருத்துவமனைகளில் பல யூதச் சமூகத்தின் பெருமையாக விளங்கியவை. நிர்வாகக் குழுவில் இருந்த கோடீஸ்வரர்களும் யூதர்கள், எதிர்த்துக் கிளம்பிய டேவிஸும் யூதர். நம்மவர்களுக்குள்ளே சண்டை எதுக்கு என்ற பேச்சு அங்கேயும் கிளம்பியது. சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம்மவர் யார் என்பது தெளிவாகிவிடும் என்பது டேவிஸின் கட்சி.

முதலில் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள மான்டிஃபியோர் மருத்துவமனை. கோடாஃபும், டெட் மிட்செல் என்ற கறுப்பினத்து அமைப்பாளரும் உள்ளே ஆள் பிடித்தார்கள். மருந்துக்கடை மருந்தாளர்கள் தங்கள் வேலைக்குப் போவதற்கு முன்னால் இருட்டோடு எழுந்து வந்து, மருத்துவமனை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நல்ல சம்பளம். பெரட்டுக்குப் போகிற நேரத்தில் குளிரிலே நின்றார்கள், அதுவும் தங்களுக்காக அல்ல. சலவைக்கூடத்துப் பெண்களுக்கு ஆரம்பத்தில் நம்பிக்கை வரவில்லை. இந்த வெள்ளைக்கார மருந்துக்காரனுக்கு நம்மால் என்ன ஆகணும் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டது நியாயம்தான். தினம் தினம் வந்து நின்றதால்தான் நம்பினார்கள்.

1958 டிசம்பரில் மான்டிஃபியோரில் வாக்கெடுப்பு. சங்கம் வேணும் என்று 628 பேர், வேண்டாம் என்று 31 பேர்.

இந்தச் செய்தி காட்டுத்தீ மாதிரிப் பரவியது. சில மாதங்களுக்குள் மற்ற மருத்துவமனைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சங்கச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மவுண்ட் சினாய், பெத் இஸ்ரேல், லெனாக்ஸ் ஹில் போன்ற மருத்துவமனைகள் சங்கத்தோடு பேச மறுத்தன. சட்டம் அவர்கள் பக்கம். பேசவேண்டிய கட்டாயம் இல்லை.

1959 மே 8-ஆம் தேதி காலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் ஆறு மருத்துவமனைகள், பிறகு ஏழாவது ஒன்றும் சேர்ந்தது. சுமார் 3,500 தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கையிருப்பு என்று எவரிடமும் ஒரு வாரச் சம்பளம் கூடக் கிடையாது. நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. சங்கம் மீறியது. பத்திரிகைகளில் பல, நோயாளிகளை அநாதையாக விட்டுவிட்டார்கள் என்று திட்டின.

இங்கே கொஞ்சம் நியாயம் பேசவேண்டும். மருத்துவமனையில் வேலைநிறுத்தம் என்றால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். நம் வீட்டுப் பிள்ளை உள்ளே படுத்திருந்தால் நாமும் பதறுவோம். சிங்கப்பூரில் 1955-ல் வந்த சட்டத்திலும் மருத்துவமனை போன்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்தக் கூடாது. அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் நியூயார்க்கில் 1959-ல் இருந்த நிலை வேறு. அங்கே வேலைநிறுத்தத்துக்குப் பதிலாகப் போய் நிற்கவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. நடுவர் மன்றம் இல்லை, தொழிலாளர் இலாகா வராது, சட்டம் கதவைச் சாத்திவிட்டது. சிங்கப்பூரில் 1960-ல் தொழில் தகராறு நடுவர் மன்றம் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். போவதற்கு ஒரு வழியும் வைக்காமல் இருந்துவிட்டு, தெருவுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் அது நியாயமா?

வேலைநிறுத்தம் 46 நாள் நடந்தது. அந்த 46 நாளும் சோறு போட்டவர்கள் யார்? மருந்துக்கடை உறுப்பினர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்தார்கள். பல வருஷமாகச் சேர்த்த சங்கப் பணத்தை, இன்னும் உறுப்பினராகக் கூட ஏற்கப்படாத துப்புரவுத் தொழிலாளிகளுக்காக டேவிஸ் தைரியமாக இறக்கினார். தோற்றிருந்தால் மருந்துக்கடைச் சங்கமும் சேர்ந்தே முழுகியிருக்கும். மின்சாரத் தொழிலாளர் தலைவர் ஹாரி வான் ஆர்ஸ்டேல், நியூயார்க் நகரத்து மற்றச் சங்கங்களைத் திரட்டிப் பணமும் உணவும் கிடைக்கச் செய்தார். ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் துணை நின்றார். மறைந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் அம்மையாரும் தொழிலாளர் பக்கம் பேசினார். அப்போது நியூயார்க் மேயராக இருந்து சமரசத்துக்கு அலைந்தவர் ராபர்ட் வாக்னர். 1935-ல் தொழிற்சங்க உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் வாக்னரின் மகன்தான் அவர்! தகப்பன் போட்ட சட்டம் எட்டாத இடத்தில் மகன் வந்து நின்று கஷ்டப்பட்டார்.

ஜூன் மாதம் சமாதானம் ஆனது. மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சச் சம்பளம், வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. ஆனால் சங்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை. புகார்களைப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள், அதில் மருத்துவமனைத் தரப்பும் பொதுமக்கள் தரப்பும் உண்டு, சங்கத்துக்கு நாற்காலி இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைத் தோல்வி என்றே எழுதினார்கள். டேவிஸ் வெற்றி என்று சொல்லித் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார். என் எண்ணத்தில் இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. கையில் கிடைத்தது கொஞ்சம். ஆனால் 46 நாள் நின்ற ஜனங்கள் பழைய ஜனங்களாக உள்ளே திரும்பவில்லை. சந்தாவை நிர்வாகம் பிடித்துக் கொடுக்காது, அதனால் சங்கத்து ஆட்கள் வாசலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் கை நீட்டி வசூல் செய்தார்கள். தோட்டத்தில் சந்தா வசூலித்த தலைவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். சம்பள நாளைத் தவறவிட்டால் போச்சு.

1962-ல் மறுபடியும். இந்தத் தடவை புரூக்ளினில் பெத் எல் மருத்துவமனையும், மன்ஹாட்டனில் கண் காது தொண்டை மருத்துவமனை ஒன்றும். வேலைநிறுத்தத்தை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. டேவிஸ் மறுத்தார். சிறைக்குப் போனார். தலைவர் உள்ளே போனதும் கூட்டம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்திருப்பார்கள், அது நடக்கவில்லை. கறுப்பினத் தலைவர்களும் புவேர்ட்டோ ரிக்கோத் தலைவர்களும் ஒன்றாகத் திரண்டார்கள். கடைசியில் மாநில ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் தலையிட்டார். மருத்துவமனைத் தொழிலாளருக்குச் சங்க உரிமை கொடுக்கச் சட்டம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்ததும் வேலைநிறுத்தம் முடிந்தது. 1963-ல் நியூயார்க் நகரத்துக்கு அந்தச் சட்டம் வந்தது, 1965-ல் மாநிலம் முழுமைக்கும். அதற்கு ஒரு விலையும் இருந்தது. வேலைநிறுத்தம் செய்யக் கூடாது, தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படவேண்டும். பேச்சுவார்த்தை மேசைக்கு வந்து உட்கார இந்த விலையை டேவிஸ் கொடுத்தார்.

1964-ல் செய்த காரியம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மருத்துவமனைகளுக்குள் மருந்தாளர், ஆய்வுக்கூட ஊழியர், சமூக நல அதிகாரி, எழுத்தர் என்று படித்த ஊழியர்கள் இருக்கிறார்களே, துப்புரவுக்காரர்கள் சம்பளம் உயர்ந்ததைப் பார்த்து இவர்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் அவர்களோடு ஒரே கூட்டத்தில் உட்காரக் கூச்சம். டேவிஸ் அவர்களுக்கு 1199-க்குள்ளேயே தனிப் பிரிவு ஒன்று அமைத்துக் கொடுத்தார். தனிப் பெயர், தனிக் கூட்டம், ஆனால் ஒரே சங்கம், ஒரே நிதி. கொள்கைக்காரர்கள் இதைக் குறை சொல்லலாம். எல்லாரையும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்காரவைக்க முடியாது என்பது முப்பது வருஷம் சங்கம் நடத்தியவருக்குத் தெரியாதா? இப்படித்தான் மருத்துவமனை மருந்தாளர்களுக்குப் பெரிய அளவில் சங்கப் பாதுகாப்புக் கிடைத்தது. அவர்களுக்கு வழி திறந்துவிட்டது சமையல்கட்டும் சலவைக்கூடமும்.

மார்ட்டின் லூதர் கிங் இந்தச் சங்கத்தின்மேல் தனிப் பிரியம் வைத்திருந்தார். தமக்கு மிகவும் பிடித்த சங்கம் என்றே சொல்லிவந்தார். 1968 மார்ச் மாதம் அவர் 1199 மேடையில் வந்து பேசினார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் போனதும் குப்பை அள்ளும் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகத்தான். அதே வருஷக் கோடையில் நியூயார்க் மருத்துவமனைத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 100 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் என்று 1199 ஒப்பந்தம் போட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் 34 டாலர்!

கிங்கின் மனைவி கொரெட்டா அம்மையாரை முன்வைத்து டேவிஸ் சங்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1969-ல் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 12 கறுப்பினத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். மேரி மோல்ட்ரி என்ற தாதி உதவியாளர் தலைமையில் நானூறுக்கு மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினப் பெண்கள், வெளியே வந்தார்கள். மணிக்கு 1 டாலர் 30 காசு அவர்கள் சம்பளம். அரசாங்கம் துப்பாக்கியோடு காவல்படையை இறக்கியது. நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள், சம்பளமும் ஏறியது. சங்க அங்கீகாரம் கிடைக்கவில்லை, அங்கே கட்டிய கிளையும் நிலைக்கவில்லை. நியூயார்க்கில் நடந்தது எல்லா ஊரிலும் நடந்துவிடாது. தெற்கே தொழிலாளி கறுப்பாகவும் இருந்தால் இரட்டைச் சுவர்.

1974-ல் அமெரிக்க நாடாளுமன்றம் லாப நோக்கமற்ற மருத்துவமனைகளையும் தொழிற்சங்கச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1947-ல் சாத்திய கதவு, 27 வருஷம் கழித்துத் திறந்தது. வேலைநிறுத்தம் செய்வதானால் 10 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கோடாஃப் இதைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் காலமானார்.

டேவிஸின் கடைசி வருஷங்கள் சந்தோஷமாக முடியவில்லை. 1982-ல் ஓய்வு பெற்றார். அப்போது சங்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலும் கறுப்பர்கள் உள்ள சங்கத்துக்கு வெள்ளைக்காரர் தலைவராக இருந்துகொண்டே இருக்கக் கூடாது என்று அவரே கருதினார். அவருக்குப் பின் நியூயார்க் சங்கத்தின் தலைவியானவர் டோரிஸ் டர்னர், 1959 வேலைநிறுத்தத்தில் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனைச் சமையல் பகுதியிலிருந்து வெளியே வந்தவர். இதைவிடப் பொருத்தமான முடிவு உண்டா என்று தோணும். ஆனால் நடந்தது வேறு. மருத்துவமனை ஊழியர்கள் நிறைந்த இன்னொரு பெரிய சங்கத்தோடு இணைந்து நாட்டுக்கே ஒரே சுகாதாரத் தொழிலாளர் சங்கமாக ஆகவேண்டும் என்பது டேவிஸின் ஆசை. டர்னர் அதை எதிர்த்தார். பழைய ஆட்களுக்கும் புதிய ஆட்களுக்கும் சண்டை, தேர்தல் தகராறு, வழக்கு, கோஷ்டி என்று சங்கம் இரண்டாகப் பிளந்தது. 1984-ல் நடந்த வேலைநிறுத்தம் 47 நாள் இழுத்தும் பலன் அவ்வளவாக இல்லை. தேசியச் சங்கமும் நியூயார்க் சங்கமும் வேறு வேறாகின. தான் கட்டிய வீட்டில் பிள்ளைகள் சுவர் எழுப்புவதை டேவிஸ் உடம்பு முடியாத நிலையில் இருந்து பார்த்தார்.

தலைவர்கள் தாங்கள் போனபிறகு யார் என்பதை யோசிக்காமல் போவதுதான் வழக்கம் என்போம். டேவிஸ் யோசித்தார், நியாயமான ஆளையும் காட்டினார், அப்படியும் இந்தக் கதி. முப்பது நாற்பது வருஷம் எல்லா முடிவையும் ஒரே ஆள் எடுத்துப் பழகிய சங்கத்தில், அடுத்தவர் எங்கே பழகுவது என்று கேட்பவர்களும் உண்டு. அதை அவருடைய குறையாகவும் சொல்லலாம்.

1992 செப்டம்பரில் லியோன் டேவிஸ் காலமானார். அதற்குள் நியூயார்க் சங்கத்தில் ஆட்சி மாறி, புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த டெனிஸ் ரிவேரா 1989-ல் தலைமைக்கு வந்திருந்தார். டேவிஸ் போய் ஆறு வருஷம் கழித்து, 1998-ல், அவர் விரும்பிய அந்த இணைப்பு நடந்தது. இணைந்த பிறகும் பழைய மருந்துக்கடைச் சங்கத்தின் நம்பரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பெயர்ப் பலகையில் 1199 என்றே எழுதினார்கள்.